ஜெபத்தில் தாங்குதல்

எங்கள் சபையில் யாரும் பணம் கேட்க மாட்டார்கள். தேவை இருக்கிறது என்பார்கள். பாரம் இருக்கிறது என்பார்கள். கோயில் கூரை ஒழுகினால், ‘ஆலயத்தின் தேவை சந்திக்கப்பட ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று போதகர் அறிவிப்பார். அடுத்த வாரம் நாலு பேர் உறையில் வைத்துக் காணிக்கைப் பையில் போடுவார்கள். அதற்கடுத்த வாரம் ‘தேவை சந்திக்கப்பட்டது’ என்று அறிவிப்பு வரும். பணம் என்ற சொல் கடைசிவரை வராது. வெளியாள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் கூரை தானாகவே ஒட்டிக்கொண்டது என்று நினைப்பான்.

ஊழியம் செய்கிறவர்களுக்கும் இதே பாஷைதான். மெதடிஸ்ட் மரபில் வந்த சின்ன சபை எங்களுடையது. பிள்ளைப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், ஒரு கம்பெனியின் மதிலை ஒட்டிக் கோயில். வெளி மாநிலங்களுக்கு ஊழியத்துக்குப் போனவர்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவோம். அவர்கள் பெயரெல்லாம் வாசல் பக்கத்துப் பலகையில் இரண்டு தலைப்பில் இருக்கும். ஒன்று, ‘நாம் தாங்கும் ஊழியர்கள்’. இன்னொன்று, ‘நாம் ஜெபத்தில் தாங்கும் ஊழியர்கள்’. முதல் தலைப்பின் கீழ் இருப்பவர்களுக்குப் பணம் போகும். இரண்டாவதில் இருப்பவர்களுக்கு ஜெபம் மட்டும் போகும். வித்தியாசம் ஒரே ஒரு சொல். அது முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டால் ஒரு வீட்டில் அரிசி நின்றுபோகும். இதை யாரும் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

நான் ஊழியக் கமிட்டிக்குச் செயலாளர். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். எனக்கு வாய் நீளம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கடிதத்தில் வாய் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

முதல் தலைப்பின் கீழ் இருந்த பெயர்களில் ஒன்று என் தங்கையின் கணவருடையது. தங்கை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்த்தவள். சபைக்குப் பேச வந்த ஓர் ஊழியக்காரரைப் பார்த்துவிட்டு, கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்றாள். நாகர்கோவில் பக்கத்து ஆள். நெட்டையாக, எப்போதும் எதையோ மறந்துவிட்டுத் தேடுகிற முகத்தோடு இருப்பார். வடகிழக்கில் எல்லையோர மலை ஒன்றில் பிள்ளைகள் விடுதி நடத்திக்கொண்டிருந்தார்.

“இருக்குற வேலைய வுட்டுட்டு எவளாவது மலைக்குப் போவாளாடி?” என்று கேட்டேன்.

“கூப்ட்டாருக்கா.”

“யாரு, அவரா?”

“ஆண்டவரு.”

“ஆண்டவரு இங்கயே வந்து உனக்கு வேல குடுத்தாரே, பி.எஃப். எல்லாம் போட்டு. அத வாணாங்கிற.”

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அங்கே போன பிறகு சபை பாஷையில் அவளைப் போலத் தேர்ந்தவர் யாருமில்லை. மாதம் ஒரு கடிதம் வரும், கமிட்டிக்கு. ‘பாப்பாவின் பால் தேவைக்காக ஜெபிக்கவும்’ என்று இருந்தால் பாலுக்குக் காசில்லை. ‘விடுதிப் பிள்ளைகள் குளிரைத் தாங்கப் பெலன் கிடைக்க ஜெபிக்கவும்’ என்றால் கம்பளி வேண்டும். கடைசியில் எப்போதும் ஒரே வரி: ‘எங்களை ஜெபத்தில் தாங்குங்கள்.’ நான் அதைப் படித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கமிட்டியில் எவ்வளவு ஆகும் என்று சொல்லுவேன். இப்படியே சில வருஷங்கள் ஓடின.

பிறகு அந்த மலையில் இரண்டு கூட்டத்தாருக்கு இடையே சண்டை மூண்டது. டி.வி.யில் கொஞ்சம் காட்டினார்கள், பிறகு கிரிக்கெட் வந்துவிட்டது. அங்கே இன்டர்நெட்டையும் போன் இணைப்பையும் நிறுத்திவிட்டார்கள். தங்கையின் போன் அடிக்கவே இல்லை. அடிக்காத போனைக் கையில் வைத்துக்கொண்டு தரம் பார்க்கிற வேலை செய்ய முடியாது. அந்த நாட்களில் ஓட்டை விழுந்த பாகத்தையெல்லாம் நல்லது என்று தள்ளிவிட்டேனோ என்று இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

அதே சமயத்தில் வேறெங்கோ கடலுக்கு அப்பால் வேறொரு சண்டை. கப்பல் சுற்றிக்கொண்டு வருகிறது, சாமான் வரவில்லை என்று எங்கள் கம்பெனியில் கூடுதல் நேர வேலையை, ஓ.டி.யை, நிறுத்தினார்கள். ஒப்பந்தக்காரர்கள் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் சபைக் காணிக்கை சம்பளத்திலிருந்து வருவதில்லை. சம்பளம் வாடகைக்கும் வட்டிக்கும் சரியாகப் போய்விடும். ஊழியத்துக்குப் போனதெல்லாம் ஓ.டி. பணம். ஓ.டி. நின்றதும் காணிக்கைப் பை தொளதொளவென்று வந்தது. எங்கேயோ இரண்டு இடத்தில் யார் யாரோ அடித்துக்கொள்கிறார்கள், நடுவில் எங்கள் பை காலி.

பணம் எண்ணுகிறவர் எங்கள் பொருளாளர். கம்பெனி ஆட்களை ஷிஃப்டுக்கு ஏற்றி இறக்குகிற வேன் ஓட்டுகிறவர். சபையில் எல்லோருக்கும் அவர் வேன் அண்ணன். பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, “இன்னாம்மா இது, ஒரே சில்றையா கீது” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துவிட்டு எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அந்த வாரம்தான் தங்கையின் கடிதம் வந்தது. மலைக்குக் கீழே சமவெளியில் இருந்த ஒரு மளிகைக் கடைக்காரருக்கு அதை யார் கையிலோ கொடுத்தனுப்பியிருக்கிறாள். அவர் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். பள்ளி நோட்டுத் தாள். பக்கத்து ஊரைக் கொளுத்திவிட்டார்கள். விடுதிப் பிள்ளைகள் பலருடைய வீடுகள் போய்விட்டன, திருப்பி அனுப்ப இடமில்லை. கடைக்காரரின் லாரி மேலே வந்தால் எல்லோரும் இறங்கிவிடலாம். டீசலுக்கும் ஓட்டுநருக்கும், வழியில் இரு தரப்பும் போட்டிருக்கிற தடுப்புகளில் கொடுப்பதற்கும் ஆகிற செலவை முன்கூட்டியே கொடுத்தால்தான் வண்டியை எடுப்பார். இதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரி: ‘எங்களைத் தாங்குங்கள்.’

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘ஜெபத்தில்’ இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவள் அந்தச் சொல்லை விட்டிருந்தாள். மற்றவர்களுக்கு அது ஒரு சொல் குறைகிற கடிதம். என் தங்கை கத்துகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

போதகரிடம் ஓடினேன். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள், வயதில் என்னைவிடச் சின்னவர். நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் உள்ள சங்கடம், அவர்களைத் திட்டினால் நமக்குத்தான் வலிக்கும். படித்துவிட்டுக் கண் கலங்கினார். “நம்ம கையில ஒண்ணும் இல்லக்கா. மேல எழுதுவோம். ஐயா மனசு வச்சா ஒரே நாள்ல முடிஞ்சிரும்லா” என்றார். ஐயா என்றால் எங்கள் சபைகளுக்கெல்லாம் மேலே இருந்த கண்காணிப்பாளர். அவர் பொறுப்பில் ஊழிய நிதி ஒன்று இருந்தது.

போதகரே உட்கார்ந்து எழுதினார். என்னிடம் காட்டாமலே அனுப்பிவிட்டார். பதில் சீக்கிரமே வந்தது, முத்திரையெல்லாம் போட்டு. அன்புச் சகோதரரின் குடும்பத்துக்காக மிகுந்த பாரத்தோடு ஜெபிக்கிறோம், எல்லாச் சபைகளிலும் ஒரு வேளை உபவாசம் இருக்கும்படி சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறோம் என்று. அவ்வளவுதான். கீழே கையெழுத்து.

“நீங்க இன்னா எழுதுனீங்க?” என்று போதகரைக் கேட்டேன்.

நகலைக் கொடுத்தார். ‘அவர்களுடைய தேவைகள் சந்திக்கப்பட தங்கள் மேலான ஜெபத்தைத் தாழ்மையாய்க் கோருகிறோம்.’

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. “ஜெபத்தக் கேட்டீங்க, ஜெபத்தக் குடுத்துட்டாரு. அவரு மேல இன்னா தப்பு? லாரிக்குப் பணம் வேணும்னு எழுத வேண்டியதுதானே?”

“ஐயாவுக்குப் புரியும்னு நெனச்சேன்க்கா. நாங்க எல்லாரும் அப்படித்தான எழுதுதோம்.”

அவர் சொன்னது உண்மைதான். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், எல்லோருக்கும் புரியும். ஆனால் கூரைக்கும் ஜன்னலுக்கும் புரிகிற பாஷை இது. கூரை ஒரு மாதம் காத்திருக்கும். கேட்கிறவர் வெட்கப்படக் கூடாது, கொடுக்கிறவர் பெருமைப்படக் கூடாது என்று யாரோ நல்ல எண்ணத்தில் தொடங்கி வைத்தது. கொடுக்க முடியாதவர்கள் தப்பித்துக்கொள்ள ஒரு வாசலும் அதில் இருந்தது. அந்த வாசல் இத்தனை பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது கடிதத்தை நான் எழுதினேன். கம்பெனியில் பழுது வந்தால் எழுதுகிற மாதிரி எழுதினேன். என்ன நடந்தது, எங்கே, எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள், லாரிக்கு எவ்வளவு, எதற்குள் வேண்டும், தாமதமானால் என்ன ஆகும். ‘பணம்’ என்றே எழுதினேன். போதகர் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு, “இத மட்டும் மாத்திருவோமாக்கா? ‘உதவி’ன்னு?” என்றார். “மாத்துனா நான் கையெழுத்து போட மாட்டேன். நீங்களே தனியாப் போட்டுக்குங்க” என்றேன். பாவம், மாற்றாமலே போட்டார்.

இந்த முறை கண்காணிப்பாளர் போனிலேயே கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. சண்டை நடக்கிற இடத்துக்குச் சபைப் பணம் போனால் அது யார் கைக்குப் போகிறது என்று நாளைக்குக் கேள்வி வரும், தடுப்பில் நிற்கிறவனுக்குக் கொடுக்க என்று கணக்கு எழுத முடியாது, ஒரு சபையால் எல்லாச் சபைகளின் கணக்கும் முடங்கிவிடும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. பிறகு ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துப் பழைய கதை ஒன்றைச் சொன்னார். வெள்ளைக்காரர் காலத்து யுத்தத்தில் கப்பல் வராமல் வெளிநாட்டுப் பணம் நின்றபோது, நம் சபைத் தலைவர்கள் ஊர் ஊராகக் கடிதம் எழுதினார்களாம். பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, அந்தப் பிடியரிசியிலேயே ஊழியத்தைத் தாங்கினார்களாம்.

“ஐயா, அந்தக் கடுதாசிலயாவது அரிசின்னு தெளிவா எழுதியிருந்தாங்களா?” என்று கேட்டேன்.

“எழுதுறேன்மா, மேல பேராயருக்கு எழுதுறேன்” என்றார். மேலே, மேலே. எங்கள் ஊர்ப் பக்கம் கிரேன்தான் இப்படி மேலே மேலே போகும். அதுவும் ஒரு கட்டத்தில் கீழே இறங்கி எதையாவது தூக்கும்.

அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. இங்கே அறுப்பதற்கு என்ன இருக்கிறது, நிலமெல்லாம் கம்பெனி. ஆனால் பண்டிகை நிற்கவில்லை. விளைச்சல் வைக்க வேண்டிய இடத்தில் கடையில் வாங்கிய காய், பிஸ்கெட் பாக்கெட், கம்பெனியில் தீபாவளிக்குக் கொடுத்த டிபன் செட்டுகூட வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். வேன் அண்ணன்தான் ஏலம் விடுவார். எங்கள் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் எடுத்தவர் தொகையைக் கொடுத்துவிட்டு, அந்தப் பொருளை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் மறுபடி ஏலத்துக்கே கொடுக்கலாம். அதைப் பெருமையாக நினைப்பார்கள்.

ஏலத்துக்கு முன்னால் நான் எழுந்து தங்கையின் கடிதத்தை வாசித்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கடைசி வரியில் என் குரல் உடைந்துவிட்டது. “அவ ஜெபம் கேக்கல. பணம் கேக்குறா. எனக்கும் பணந்தான் வேணும்” என்றேன். கோயிலுக்குள் பணம் என்று சொல்லிவிட்டேன். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள், ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டுவிட்ட மாதிரி.

வேன் அண்ணன் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டார். டிபன் செட்டையும் பிஸ்கெட்டையும் தொடவே இல்லை. “லாரிக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏலத்தைத் தொடங்கினார். வேலை போன ஒரு பையன் கேட்டான். அவனுக்கு மேல் ஒருவர் கேட்டார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். எடுத்தவர் காயைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி ஏலம். மறுபடி திரும்பி வந்தது. கம்பெனி சாப்பாட்டுக்கூடத்தில் பாத்திரம் கழுவுகிற அம்மா ஒருத்தி எடுத்தாள், தெற்கிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த பையன்கள் கூட்டாகச் சேர்ந்து எடுத்தார்கள். மத்தியானம் முழுக்க அந்த ஒரே பூசணிக்காய் கைமாறிக்கொண்டே இருந்தது. காம்பு உடைந்து விழுந்துவிட்டது. எடுத்தவர் பெயரையும் தொகையையும் நான் அழுதுகொண்டே எழுதினேன்.

எழுதி முடித்துக் கூட்டிப் பார்த்தால் லாரிக்குச் சரியாக இருந்தது. ஆனால் கையில் இருந்தது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் ஏழாம் தேதி சம்பளம் வந்ததும் தருகிறேன் என்றவர்களின் பெயர்கள். தடுப்பில் நிற்கிறவனிடம் போய் ஏழாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கொள்ளப்பா என்று யார் சொல்வது?

வேன் அண்ணன் வண்டிக்கு எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, எடுக்க வைத்திருந்த பணத்தை அன்றைக்கே கடைக்காரரின் கணக்குக்குப் போட்டுவிட்டார். “வண்டி ஒரு மாசம் நிக்கட்டும். நின்னா இன்னா, வண்டிக்கி காலா வலிக்கப் போவுது” என்றார். சபைக் கணக்கிலிருந்து போகவில்லை, ஆகவே எந்தச் சபையின் கணக்கும் முடங்கவில்லை. கண்காணிப்பாளருக்கு நான் எதுவும் எழுதவில்லை.

பிறகு மௌனம். கடைக்காரர் வண்டி மேலே போனது என்று ஒரு வரி அனுப்பினார். அதற்கப்புறம் அவருடைய போனும் அடிக்கவில்லை. நான் வேலைக்குப் போனேன், வந்தேன், சோறு வடித்தேன். ஜெபிக்கவும் வரவில்லை. ஜெபம் என்ற சொல் மேலேயே எனக்கு ஆத்திரம். அந்தச் சொல்தான் என் தங்கையை அங்கே மாட்டிவைத்தது என்று நினைத்தேன். சொல்லாமல் கொள்ளாமல் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போய் பஸ்ஸை விட்டு இறங்கி, யாருமில்லாத இடத்தில் நின்று ஆண்டவரைத் திட்டினேன். என் வாழ்க்கையில் நான் மனதார ஜெபித்தது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

தங்கை வந்தாள். முன்னறிவிப்பு இல்லாமல், சென்ட்ரலில் இறங்கி, யாரோ ஒருவரின் போனில் கூப்பிட்டாள். வேன் அண்ணனின் மச்சானுடைய வண்டியில் போய் அழைத்து வந்தோம். பாப்பா அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“அவரு வர்ல,” என்றாள். “லாரி ரொம்பிடுச்சுக்கா. பசங்களே நின்னுகினு வந்துச்சுங்க. அந்தூர்ல நடக்க முடியாத பெருசுங்க கொஞ்சம் பேரு, அவங்கள வுட்டுட்டு வர மாட்டேன்னுட்டாரு. அடுத்த நடையில வரேன்னாரு. என் கண்ணாடிய எங்க வச்சேன்னு கேட்டாரு. நெத்தி மேலயே இருந்துச்சு.”

அடுத்த நடை போகவில்லை. லாரி இறங்கிய பிறகு வழியில் பாலத்தை உடைத்துவிட்டார்கள். பிள்ளைகள் எல்லோரும் சமவெளியில் ஒரு முகாமில் பத்திரமாக இருந்தார்கள். அவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. பார்த்தேன் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

அந்த ஞாயிறு போதகர் நடந்ததைச் சபைக்குச் சாட்சியாகச் சொல்ல அவளைக் கூப்பிட்டார். எழுந்து நின்றாள். எங்கள் தேவைகளெல்லாம் சந்திக்கப்பட்டன, ஜெபத்தில் தாங்கிய உங்கள் எல்லோருக்கும் நன்றி என்றாள். பழைய பாஷை, ஒரு சொல் பிசகவில்லை. பூசணிக்காய் எடுத்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். நான் அவள் கையைப் பார்த்தேன். முன்னால் இருந்த பெஞ்சின் விளிம்பை வெள்ளையாகிற அளவுக்குப் பிடித்திருந்தாள்.

கொஞ்ச மாதங்கள் சபை அவள் கணவருக்கு அனுப்பிவந்த பணம் வழக்கம்போல அவள் கைக்கு வந்தது. பிறகு கண்காணிப்பாளரின் கடிதம் வந்தது. பேராயருக்கு எழுதியதன் பதிலும் அதோடு இருந்தது. நல்ல கடிதம் என்றுதான் சொல்ல வேண்டும். சகோதரியின் தியாகத்தைப் பாராட்டியிருந்தார்கள், அவளுக்கு ஒரு முறை உதவித்தொகை அனுமதித்திருந்தார்கள். லாரி விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கடைசிப் பத்தியில், ஊழியம் நடைபெறாத பணித்தளங்களுக்கான மாத ஆதரவு இம்மாதத்தோடு நிறைவு பெறுகிறது என்றிருந்தது. அதற்கடுத்த வரி: ‘இனி அன்புச் சகோதரரை ஜெபத்தில் தாங்குவோம்.’

கடிதத்தை அவளிடம் காட்டாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் வீட்டில் அது மேசை மேலேயே கிடந்தது. சமையலறையிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்து எடுத்துப் படித்தாள். நின்றுகொண்டே படித்தாள்.

“அக்கா, ஐயா அவர வுட்டுட்டாரு,” என்றாள்.

“அப்டி இல்லடி. சட்டதிட்டம் அப்டி…”

“எனக்குத் தெரியாதா? இந்தப் பாஷ எனக்குத் தெரியாதாக்கா? ‘ஜெபத்தில்’னு போட்டா, அவ்ளோதான்.” அப்போதுதான் அழுதாள். ஊர் எரிந்ததைச் சொன்னபோதெல்லாம் அழாதவள், அந்த ஒரு சொல்லைப் பார்த்து அழுதாள். பாப்பா வந்து அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். நான் என்ன சொல்ல முடியும், எனக்கும் அந்தப் பாஷை தெரியும்.

அந்த வாரம் போதகர் பலகையை இறக்கிவைத்துத் தங்கை கணவரின் பெயரை இரண்டாவது தலைப்புக்கு மாற்றினார். மாற்றும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. “உத்தரவுக்கா, நான் என்ன செய்ய” என்று மட்டும் சொன்னார். அவரைத் திட்டவும் எனக்குத் தெம்பில்லை.

தங்கை வேலைக்குப் போகத் தொடங்கினாள். பழைய கம்பெனியில் அவள் வயதுக்காரர்களை எடுப்பதில்லை, ஒப்பந்தக்காரர் மூலம் பென்னலூர் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டுகிற வேலை. நாளெல்லாம் நின்றபடி. சம்பளம் ஏழாம் தேதி. முதல் சம்பளம் வந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து வேன் அண்ணன் மேசையில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அவள் வரிசையில் நின்று வந்து ஓர் உறையை வைத்தாள். மாதாமாதம் சபை அவள் கணவருக்கு அனுப்பிக்கொண்டிருந்த அதே தொகை.

அண்ணன் எண்ணிவிட்டு, “இது எதுக்கும்மா?” என்றார். “இத வச்சுக்கம்மா. பாப்பாக்கு ஆவும்.”

“பாப்பாக்கு வேற கீது. எழுதுங்கண்ணே. ஊழியரைத் தாங்குதல். அவரு பேரு போடுங்க.”

அண்ணன் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பணத்தை அனுப்ப ஓர் இடமில்லை. கடிதம் வந்திருக்கிறது. பலகை மாறியிருக்கிறது. போதகர் வாசலில் யாருக்கோ கை கொடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“எழுதுங்கண்ணே,” என்றேன் நானும்.

அண்ணன் எழுதினார். தங்கை ரசீதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். நடுவில் எந்தச் சொல்லும் சேர்க்கப்படவில்லை என்று தெரிந்த பிறகுதான் அதை மடித்துப் பையில் வைத்தாள். ஒவ்வொரு மாதமும் அப்படித்தான் செய்கிறாள்.